மகேந்திரனின் வலது காது

ஜெலாப்பாங் தொழிற்சாலையில் மகேந்திரனுக்கு ‘ஆமா அண்ணே’ என்று பெயர். எதைச் சொன்னாலும் தலையாட்டி ஆமா என்பார். “அண்ணே, ஒங்க வீடு தீப்பிடிச்சிருச்சாம்லா,” என்பான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் யுகேந்திரன், இயந்திரங்களுக்கு நடுவில் நின்று. அதற்கும் ஆமா. எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

செமோர் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். ரப்பர் மரங்களைச் சாய்த்து வீடுகள் கட்டத் தொடங்கியபோது, தகரம் அழுத்தும் இயந்திரத்துக்கு வந்து சேர்ந்தார். அதன் பக்கத்திலேயே நரைத்தார்.

தொழிற்சாலை ஆண்டுதோறும் காதைச் சோதித்தது. சத்தம் புகாத சிறு அறையில் உட்கார்ந்து, ஒலி கேட்டபோதெல்லாம் சரியாகப் பொத்தானை அழுத்தினார். காது நன்றாக இருக்கிறது என்றார்கள். மனைவி நவமணியும் அதைத்தான் நம்பினாள்.

“சோறுன்னா கேக்குது. நா பேசுனா மட்டும் கேக்காதா?”

டிவி சத்தத்தைத் தாண்டிக் கத்துவாள். ஆமா என்பார்.

ஒரு காலை யுகேந்திரன் சரக்கு ஏற்றிய ஃபோர்க்லிஃப்ட் வண்டியைப் பின்னால் எடுத்தபடி, “அண்ணே, தள்ளிப் போ!” என்று கத்தினான். மகேந்திரன் கையைத் தூக்கி ஆமா என்றார். நகரவில்லை.

கவனக்குறைவு என்றது தொழிற்சாலை. காதுதான் நன்றாக இருந்ததே.

பிணவறை வாசலில் ஷாமினி என்ற செவித்திறன் ஆராய்ச்சியாளர் நவமணியிடம் வந்தாள். இரைச்சலில் வேலை செய்தவர்களின் உள்காதை முப்பரிமாண எக்ஸ்ரே படம் எடுக்கிறார்களாம். உயிரோடிருப்பவர்களிடம் அவ்வளவு நுணுக்கமாக எடுக்க முடியாது. காதெலும்பை வெட்டியெடுக்க வேண்டும். இன்றே.

“அண்ணன முழுசா எரிக்கணும் அண்ணி,” என்றான் கொழுந்தன் பத்துமலை.

“ஒங்கண்ணனுக்குக் கேட்டுச்சா இல்லையான்னு எனக்குத் தெரியணும் தம்பி.”

வலது பக்கத்தைக் கொடுத்தாள். உடலைக் குளிப்பாட்டும்போது பத்துமலை தையலைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மாதங்கள் கழித்து ஷாமினி திரையைக் காட்டினாள். நத்தை ஓடு போல ஒன்று மெல்லச் சுழன்றது. நிஜத்தில் பட்டாணி அளவுதானாம். அதன் சுருளுக்குள் நரம்பு இழைகள் அடர்ந்திருக்க வேண்டிய இடம் வெறிச்சோடிக் கிடந்தது.

“சத்தம் கேட்டிருக்கும்மா. அமைதியா இருந்தா பேச்சும் புரிஞ்சிருக்கும். இரைச்சல்ல வார்த்தை பிரிஞ்சிருக்காது.”

“அந்தப் பையன் கத்துனது?”

“யாரோ கத்துறாங்கன்னு தெரிஞ்சிருக்கும்.”

“நா டிவிய வச்சுக்கிட்டே கத்துனது?”

ஷாமினி படத்தை இன்னொரு பக்கம் திருப்பினாள்.

வெளியே பத்துமலை காரில் காத்திருந்தான்.

“என்ன சொன்னாங்க அண்ணி? கேட்டுச்சாமா, இல்லையாமா?”

கேள்வி அவளுக்குத் தெளிவாகவே கேட்டது.

“ஆமா,” என்றாள்.