பலகைக்காரி

இரண்டு என்று எழுதிய தகரத் தகடு அவள் கையில் இருந்தது. ஏணியின் மூன்றாம் படியில் நின்றிருந்தாள். விசில் ஊதி முடிந்துவிட்டது. ஆலைக்காரர்கள் போட்ட கூச்சலில் கோல் கணக்குப் பலகையின் ஆணிகள் அதிர்ந்தன. தகட்டைச் செருக வேண்டிய சட்டம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் செருகவில்லை.

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் மைதானமும் முழு ஊரும். இந்தப் பக்கம் அவளும் ஒரு ஏணியும் ஒரு முக்காலியும். கால்பந்து ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருந்தது. பலகையில் ஒன்றுக்கு ஒன்று. இப்படியே சமமாக முடிந்தால் கோப்பை, போன வருடம் அதை வென்ற துறைமுக அணிக்கே. ஆலை அணி ஜெயித்தால் ஆலைக்கு. ஆலைக்குக் கோப்பை வந்து பதினொரு வருடம் ஆகியிருந்தது. அவள் கணவன் ஆலை அணிக்குப் பதினான்கு வருடம் ஆடியவன். அவளும் அதே ஆலையில் நூற்புப் பிரிவில் வேலை பார்ப்பவள். கையிலிருந்த தகட்டைச் செருகிவிட்டால் அவள் வீட்டில் இன்றைக்கு விளக்குகூடத் தேவைப்படாது, அவ்வளவு வெளிச்சமாக இருக்கும்.

ஒரே ஊரில் இரண்டு அணி என்பது ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு மாதிரி. எதில் புகைந்தாலும் கண் எரிவது எல்லோருக்கும்தான். மைதானம் ஒன்று, பலகை ஒன்று. அவளுக்கு முன்னால் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டவர் துறைமுகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். துறைமுகம் கோல் போட்டால் இளவட்டம்போல ஏணியில் ஏறுவார். ஆலை போட்டால் அவருக்கு மூட்டுவலி வந்துவிடும். ஒருநாள் ஆலைக்காரர்கள் பொறுமை இழந்து, அவர் மேலே இருக்கும்போது ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மனிதர் பொழுது சாயும்வரை பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அதோடு அந்த வேலையை விட்டார்.

அதன் பிறகு இரண்டு அணியின் பெரியவர்களும் மூன்று நாள் மாலை உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். பலகைக்கு வருகிறவர் ஒரு அணியில் பிறந்து மறு அணியில் வாழ்க்கைப்பட்டவராக இருக்க வேண்டும். ஊரைச் சலித்ததில் அப்படி மூன்று பேர் அகப்பட்டார்கள். ஒருத்திக்குக் காது மந்தம். இன்னொருத்தி, வீட்டில் நடக்கிற சண்டையே போதும் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். மிஞ்சியவள் இவள்தான். இவளுடைய அப்பாவும் அண்ணனும் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்கள். கல்யாணத்தன்று அண்ணன் மாப்பிள்ளையின் காதருகே குனிந்து ஏதோ சொன்னதை, தங்கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் சொன்னது போன வருட ஆட்டத்தின் கோல் கணக்கு.

பிறந்த வீடு துறைமுகம், புகுந்த வீடு ஆலை. அதுவும் போதாது என்று இன்னும் இரண்டு நிபந்தனை வைத்தார்கள். ஒன்று, பலகையிலிருந்த பார்வைத் துவாரத்தை ஆணி அடித்து மூடிவிடுவது. பார்த்தால்தானே பக்கம் சாயத் தோன்றும் என்றார் ஆலை அணியின் செயலாளர். புதுத் தகட்டைச் செருகிய பிறகுதான் பழையதை உருவ வேண்டும். நடுவில் சந்து கிடைத்தால் கண் அதன் வழியாக மைதானத்துக்குப் போய்விடும். இரண்டாவது, கோல் விழுந்ததும் இரு அணித் தலைவர்களும் பலகையைப் பார்க்க வேண்டும். எண் மாறியதைப் பார்த்த பிறகுதான் பந்தை நடுவில் வைப்பது. வேறெந்த ஊரிலும் இப்படி ஒரு வழக்கம் கிடையாது. இங்கே அது சட்டப் புத்தகத்தை விடப் பெரிது.

ஆக, பத்தொன்பது வருடமாக ஊரின் எல்லாக் கோலையும் எழுதியவள் ஒரு கோலையும் பார்த்ததில்லை.

பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. அவளுக்குக் காது இருந்தது. நூற்பு எந்திரம் ஒன்றில் நூல் சுற்றும் கதிர்கள் நானூறு சுழலும். புதிதாக வருகிறவர்களுக்கு அது வெறும் இரைச்சல். அவள் நடந்துகொண்டே இருப்பாள், சட்டென்று நின்று, இடப்பக்கம் கடைசியிலிருந்து ஒன்பதாவது கதிரில் எண்ணெய் காய்ந்திருக்கிறது என்பாள். திறந்து பார்த்தால் காய்ந்திருக்கும். வீட்டில் மின்விசிறியின் சத்தத்தைக் கேட்டுவிட்டு இது வியாழக்கிழமைவரைக்கும்தான் என்றாள் ஒருமுறை. கணவன் சிரித்தான். வியாழக்கிழமை வியர்வையில் குளித்தான்.

ஆலைக்காரர்களின் கூச்சல், சாவி போட்டதும் எந்திரம் ஓடுவதுபோல ஒரேயடியாகக் கிளம்பும். துறைமுகத்துக் கூச்சல் அடியில் தொடங்கி, கப்பல் ஊதுவதுபோல மெல்ல மேலே ஏறும். விசிலின் நீளமும் எந்தக் கூச்சல் என்பதும் அவளுக்குப் போதும். ஒருமுறை துறைமுக இளவட்டங்கள் விசிலும் அடித்துக் கூச்சலும் போட்டுப் பார்த்தார்கள். அவள் முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அது வாயால் அடித்த விசில்.

ஊரில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பலகைக்காரி என்றார்கள். அவள் மகளை, எந்த அணி ஜெயிக்கிறதோ அதுவே தன் அணி என்று வாழ்கிற புத்திசாலியை, பலகைக்காரி மகள் என்றார்கள். தகடுகளில் ஒன்றும் இரண்டும் தேய்ந்து விளிம்பு மழுங்கியிருந்தன. ஏழு மட்டும் வாங்கிய நாள்போல் பளபளத்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எல்லாவற்றையும் துடைத்து அடுக்குவாள். இதுவரை ஒரு தகடும் தவறாக ஏறியதில்லை. இதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாவிட்டாலும் நடையில் தெரியும் என்று கணவன் சொல்வான்.

இன்று விசில் கேட்டது. ஆலைக் கூச்சல் கேட்டது. இரண்டும் அசல். ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்றும் கேட்டிருந்தது.

பலகைக்கு எதிரே பத்தடியில்தான் வடக்குக் கோல். உள்ளே விழுகிற பந்து வலையில் பொத்தென்று முட்டிச் சுருண்டுவிடும். வலையை இழுத்துக் கட்டியிருக்கிற பக்கக் கம்பி வெளியே நிற்கிறது. பந்து கோலுக்கு வெளியே போய்க் கம்பியில் பட்டால்தான் கிண் என்று ஒலிக்கும். பத்தொன்பது வருடத்தில் அந்தக் கிண்ணை நூறு முறை கேட்டிருப்பாள். ஒவ்வொரு முறையும் அதன் பின்னால் ஒரு பெருமூச்சுதான் வரும். கோல் வந்ததில்லை. இன்று முதலில் கிண். அப்புறம் பொத். அப்புறம் விசில்.

ஏணியில் நின்று அதை மறுபடி மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். மாறவில்லை. கிண். பொத்.

எதிர்ப்பக்கம் கூச்சல் தேய்ந்து முணுமுணுப்பாகியிருந்தது. பந்தை நடுவில் வைக்கவில்லை. பலகையைப் பார்க்கிறார்கள்.

முதலில் ஓடி வந்தவன் கணவன். தலையிலிருந்து நீர் சொட்டியது.

"என்ன, தூங்கிட்டியா? கோல் விழுந்தாச்சு. போடு."

"விழல."

"ரெஃப்ரி ஊதிட்டாரு."

"கேட்டுச்சு. பந்து கம்பியில பட்டுச்சுங்க. வெளிப்பக்கமா வந்து, வலை எங்கியோ கிழிஞ்சிருந்து உள்ள போயிருக்கு."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஆலை அணியின் அறையில் கோப்பைக்கென்று கண்ணாடி வைத்த அலமாரி ஒன்று இருந்தது. அவன் செய்தது. சனிக்கிழமைதோறும் காலி அலமாரியைத் துடைத்துவிட்டு வருவான். காலியாக இருக்கிறதைத் துடைக்கிறவன் ஊரிலேயே நீ ஒருத்தன்தான் என்று மைத்துனன் கேலி செய்வான்.

"பதினோரு வருஷம்," என்றான்.

"தெரியுங்க," என்றாள்.

குடையோடு செயலாளர் வந்து சேர்ந்தார். ஆலையில் அவளுடைய பிரிவுக்கு மேற்பார்வையாளரும் அவர்தான். யார் எந்த ஷிப்ட், யாருக்கு எந்த எந்திரம் என்பதெல்லாம் அவர் வாயில் இருந்தது. அவர் அவளைப் பார்த்துப் பேசவில்லை. அவள் கணவனிடம், உன் பொண்டாட்டிக்குப் பிறந்த வீட்டுப் பாசம் இன்றைக்குத்தான் பொங்குகிறதா என்று கேட்டார். கண்ணை மூடி வைத்தால் போதும் என்று நினைத்தோம், காதையும் சேர்த்து அடைத்திருக்க வேண்டும் என்றார். பிறகு ஏணியைப் பார்த்தார்.

"ஏம்மா, நாளைக்கு வேலைக்கு வரணும்ல?"

"வருவேன் சார். முதல் ஷிப்ட்."

"அப்ப அதைப் போட்டுட்டு இறங்கு."

அவள் தகட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கணவன் அவளுக்கும் செயலாளருக்கும் நடுவில் வந்து நின்றான். பழைய ஆட்டக்காரன், தடுப்பு ஆடியவன், நிற்கத் தெரிந்தவன்.

"சார், எனக்கும் அந்தக் கோல் வேணும். உங்களவிட அதிகமா வேணும். ஆனா இத்தன வருஷத்துல இவ போட்டது ஒண்ணாவது தப்பா இருந்திருக்கா? ஒண்ணு சொல்லுங்க, நானே ஏறிப் போடுறேன்."

செயலாளர் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

நடுவர் வெளியூர்க்காரர், பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். சேற்றில் முழங்கால்வரை ஊறிப்போய் வந்தார். இந்த ஊர் வழக்கத்தை யாரோ அவரிடம் காலையில்தான் சொல்லியிருந்தார்கள். சிரித்துக்கொண்டே கேட்டிருந்தார். இப்போது சிரிக்கவில்லை.

"நீங்க பார்த்தீங்களா?"

"இல்லீங்க. இங்கிருந்து ஒண்ணும் தெரியாது."

"அப்புறம் எப்படிச் சொல்றீங்க?"

"கோலுக்கு இந்தப் பக்கக் கம்பி சத்தம் போட்டுச்சு. பந்து உள்ள விழுறதுக்கு முன்னாடி. நீங்க போய்க் கம்பியப் பாருங்க. சேறு அப்பியிருக்கும், மழை கழுவுறதுக்குள்ள பாருங்க. இல்லேன்னா வந்து சொல்லுங்க, போட்டுடுறேன்."

நடுவர் செயலாளரைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், திரும்பி நடந்தார். பந்து உள்ளே போனபோது முன்னால் கூட்டமாக ஆட்டக்காரர்கள், கொட்டுகிற மழை, அவரோ தூரத்திலிருந்து ஓடி வந்தவர். எதையும் தெளிவாகப் பார்க்கவில்லை என்பது அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். துறைமுகத்துக் கோல்காவலன் கத்தியதை அவர் பொருட்படுத்தவில்லை. கோல்காவலர்கள் எப்போதுதான் கத்தாமல் இருக்கிறார்கள்.

அவள் ஏணியிலேயே நின்றாள். கணவன் மைதானத்தைப் பார்க்கப் போகவில்லை. பலகைக்குப் பின்னாலேயே நின்றான், அவளோடு சேர்ந்து கேட்பவன்போல. நடுவர் கம்பியைத் தட்டினார். கிண். வலையைப் பிடித்து இழுக்கிற சத்தம். பிறகு வெகுநேரம் மழை மட்டும்.

"இதானா அது?" என்று கணவன் மெதுவாகக் கேட்டான்.

"இதேதான்."

ஒரு விசில், குட்டையாக. அடியிலிருந்து கப்பல் ஊதுவதுபோல ஏறியது கூச்சல்.

கம்பியில் கையகலத்துக்குச் சேறு இருந்ததாம். அதற்குப் பின்னால் வலையில் ஒரு பந்து தாராளமாகப் போகிற கிழிசல். பிற்பாடு சொன்னார்கள். மீதி நான்கு நிமிடத்தில் பலகைக்கு வேலை இருக்கவில்லை. ஒன்றுக்கு ஒன்று.

ஆட்டம் முடிந்ததும் ஆலைப் பக்கத்திலிருந்து நனைந்த காகித உருண்டைகள் வந்து பலகையில் அப்பின. ஒருவன் அவளுடைய காதைப் பற்றிப் பாடினான். பாட்டு ராகமாகத்தான் இருந்தது. கையிலிருந்த இரண்டாம் எண் தகட்டைத் துடைத்து, அடுக்கில் மூன்றுக்கு மேல் வைத்தாள். அண்ணன் சேற்றில் வழுக்கிக்கொண்டு வந்து, தங்கச்சி என்று வாய் நிறையச் சிரித்தான். எந்த வீட்டு ரத்தம் பார்த்தாயா என்று தன்னோடு வந்தவர்களிடம் திரும்பினான்.

"அண்ணா, உனக்காக நிறுத்தல. அடுத்த வருஷம் உங்க பந்து கம்பியில பட்டாலும் இதேதான்."

"சரிம்மா. என் தங்கச்சின்னு சொல்லிக்கவாவது விடு."

"அதச் சொல்லிக்கோ," என்றாள்.

அவன் போன பிறகு கணவன் ஏணியை மடக்கித் தோளில் வைத்தான். வாசல்வரை போக ஆலைக் கூட்டத்தின் நடுவேதான் வழி. அவன் முன்னால் நடந்தான். பலகைக்காரி வர்றா, வழி விடுங்க என்று சொன்னான். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் குரலைத் தாழ்த்தவும் இல்லை. முன்பின் தெரியாத ஒரு ஆலைக்காரர் நனைந்த தொப்பியைக் கழற்றிப் பிழிந்தார். அது மரியாதையா பிழிதலா என்று சொல்வதற்கில்லை. வழி விட்டார்கள்.

மறுநாள் மழை இல்லை. அவள் முதல் ஷிப்டுக்குப் போனாள். வழக்கமான எந்திரமே கொடுத்திருந்தார்கள். பத்து மணிக்குச் செயலாளர் நூற்புப் பிரிவுக்கு வந்தார். ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. நான்காம் எந்திரம் ஏதோ மாதிரி ஓடுகிறது, கேட்டுச் சொல் என்றார். அவள் போய் நின்று கேட்டாள். வலப்பக்கம் பதினோராவது கதிர் என்றாள். அவர் சுண்ணக்கட்டியால் அதில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் கணவன் கயிறும் ஊசியும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய் வலையின் கிழிசலைத் தைத்தான். வந்து சாப்பிட்டான். சனிக்கிழமை அலமாரிக் கண்ணாடிக்குப் புதுத் துணி வேண்டும் என்றான். அவள் ஒரு பழைய சட்டையைக் கிழித்துக் கொடுத்தாள்.