என் பெயருக்குப் பின்னால் அப்பா

பழைய ரப்பர்த் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாக்கு எண்ணியபோது நானும் ஒரு வேட்பாளரின் முகவராக உட்கார்ந்திருந்தேன். எண்ணி முடித்து நாங்கள் கையெழுத்திட்ட படிவத்தில் ஓர் எண். இறுதிக் கூட்டலில் அதே பள்ளிக்கு வேறோர் எண். ஆய்வுக்கூடத்தில் அளவுக்கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. ஒத்துப்போகாத இரண்டு எண்களை விட்டுவிட்டு வர எனக்குத் தெரியாது. தோற்ற எங்கள் வேட்பாளர் ஒதுங்கிக்கொண்டார். முடிவை எதிர்த்துத் தொகுதி வாக்காளர் யாரும் மனு போடலாம் என்றார் ஈப்போ வழக்கறிஞர். சரி என்றேன்.

மனுவின் முதல் பக்கத்தைப் பார்த்ததும் பயம் வந்தது. மனுதாரர்: என் பெயர், பிறகு மகள் என்பதற்கான 'ஏ/பி', பிறகு அப்பாவின் பெயர். இன்னாரின் மகள் என்று சொல்லாமல் இந்த நாட்டில் என் பெயர் முடிவதில்லை.

என்னென்ன கெடலாம் என்று பட்டியல் போட்டேன். வேலை, கார், அக்கம்பக்கத்துப் பேச்சு என்று போய், நான்காவதாக 'அப்பாவின் நாற்காலி' என்று எழுதியபோது கை நின்றுவிட்டது. வாரம் மூன்று நாள் அவர் டயாலிசிஸ் செய்துகொள்ளும் அறநிலையத்தில் அந்த நாற்காலி கிடைத்ததே இப்போது ஜெயித்திருக்கும் தொகுதி உறுப்பினர், எங்கள் ஒய்.பி., கொடுத்த கடிதத்தால்தான்.

மறுநாள் காலை, ரத்தம் குழாயில் ஓடிக்கொண்டிருக்கும்போது அவரிடம் சொன்னேன்.

"ஒய்.பி. மேலயா கேஸு?"

"முடிவு மேலப்பா. அவரு ஒரு பிரதிவாதி."

"அப்ப அவரு மேலதான் லா." பிறகு, தன் பெயரை எப்படிப் போட்டிருக்கிறது, காட்டு என்றார். ஊசி இல்லாத கையில் என் கைப்பேசியை வாங்கி, தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"ஐ.சி. கார்டுல என் பேருல ஒரு 'எச்' கூட இருக்கும். தோட்டத்து ஆபீஸ் கிராணி எழுதுனது. இதுல காணோம். பேரு தப்புன்னே தூக்கிப் போட்ருவானுங்க. திருத்திட்டு கையெழுத்து போடு."

மூன்று முறை சரிபார்த்திருந்தேன். அது என் கண்ணில் படவில்லை.

"இந்த இடம் போயிருச்சுன்னா?"

"அவரு கடிதம் குடுத்தாரு, நான் ஓட்டு குடுத்தேன். அதோட சரி."

அவருக்கா ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்டேன். பின்னே, உன் ஆளுக்கா என்றார்.

எழுத்தைத் திருத்தி, கையெழுத்திட்டேன். மனு நீதிமன்றத்துக்குப் போனது. அடுத்த டயாலிசிஸுக்குப் போனபோது அப்பாவைக் காரிலேயே உட்காரச் சொல்லிவிட்டு, நிலையத்துக் கதவில் ஒட்டியிருந்த அந்த வார நோயாளிகள் பட்டியலை நான் மட்டும் போய்ப் பார்த்தேன். அப்பா பெயரின் அந்தக் கூடுதல் 'எச்'சைத்தான் முதலில் தேடினேன். இருந்தது.

அடுத்த வாரப் பட்டியலை இன்னும் ஒட்டவில்லை.