கற்பூரம் மலையேறும் வரை

எங்கள் விவசாயிகள் சங்கத்து நெல் களத்தில் எடையைக் காட்டும் டிவி, உள்ளங்கை அளவு லினக்ஸ் கணினியில் ஓடுகிறது. பொருத்தியவள் நான். மறுநாளிலிருந்து தினமும் காலையில் திரை இருட்டு. நான் வந்து கணினியை அணைத்துப் போட்டால்தான் ஓடும்.

எடை போடும் செல்வி அக்கா ஒயரைத் தொட்டிருப்பார் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள் சங்கத் தலைவர், "வேற ஆளப் பாத்துக்குறோம், நீ கெளம்பும்மா," என்றார்.

"லாகைப் படிக்காம எந்திரிக்க மாட்டேன் தலைவரே."

கணினி தானே எழுதிவைத்த அந்தக் குறிப்பில் தினமும் ஒரே வரி: தொடங்கும்போது திரை இல்லை.

"அக்கா, டிவிய எப்பப் போடுவீங்க?"

"மெயினப் போட்டு, தராசுக்குக் கற்பூரம் காட்டி, அது மலையேறுன பெறகுதான்."

மெயினைப் போட்டதுமே எழுந்த கணினி, அதற்குள் திரையைத் தேடிப் பார்த்துக் கைவிட்டிருக்கிறது.

"அப்பக் கற்பூரத்த நிறுத்திடு செல்வி," என்றார் தலைவர்.

"அவங்க ஏன் நிறுத்தணும்? தப்பு என்னோடது. மெஷினு காத்திருக்கட்டும்."

திரை இல்லாவிட்டாலும் படத்தை அனுப்பச் சொல்லிக் கணினியில் ஒரு வரி சேர்த்தேன். மறுநாள் கற்பூரம் மலையேறியது, திரையும் ஒளிர்ந்தது.

கணினியிடம் கேட்டதை அக்காவிடம் முதல் நாளே கேட்டிருக்கலாம். இப்போதெல்லாம் ஆட்களை மாறச் சொல்லும் மெஷினை நான் எங்கும் பொருத்துவதில்லை.