காம்பில்லாத கார்னேஷன்கள்

அன்று வகுப்பில் இருந்தவர்கள்: சரித்திர ஆசிரியை, என்னோடு படித்த பத்தொன்பது பேர், கடைசி வாங்கில் அப்பா, அவருக்குப் பக்கத்தில் அவரோடு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்யும் போர்த்துக்கீசர். இருவரும் காலை வேலை முடித்து வெள்ளைச் சப்பாத்தோடு நேரே வந்திருந்தார்கள். வராதவர் அம்மா. வேலைக்குப் போகமுன் ஒரு பையை என் கையில் தந்து, "அங்கை போய்த்தான் திறக்கோணும், பூ வாடிப்போடும்" என்று சொல்லிவிட்டிருந்தார்.

2004, ஜெர்மனியில் கெல்சென்கிர்ச்சன். நான் பன்னிரண்டாம் வகுப்பு. எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். சரித்திரத்தில் புள்ளி குறைந்து, அந்த வருடத்தையே திரும்பப் படிக்க வேண்டிய நிலை. தப்ப ஒரே வழி ஒரு ரெஃபராட். வகுப்பின் முன் நின்று பேச வேண்டும். 1974இல் போர்த்துக்கலின் நாற்பத்தெட்டு வருடச் சர்வாதிகாரத்தை இராணுவத்தினரே கவிழ்த்து ஜனநாயகத்துக்கு வழிவிட்ட கதைதான் தலைப்பு. ஆசிரியை ஒரு நிபந்தனையும் போட்டார்: "போன தடவை போலப் பாடமாக்கி ஒப்புவித்தால் புள்ளி இல்லை."

எனக்குப் பாடமாக்க மட்டும்தான் தெரியும். எட்டுப் பக்கம் எழுதி, சாப்பாட்டு மேசையிலும் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அப்பா என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"ஆமியோ? ஆமி வந்து சனத்துக்கு வோட்டுக் குடுத்ததோ?"

"ஓமப்பா. ஆபிரிக்காவிலை சண்டை பிடிச்சுக் களைச்ச கப்டன்மார். சனம் அவையின்ரை துவக்குக் குழாயிலை சிவப்புக் கார்னேஷன் செருகினது."

"ஆமிக்காரனுக்குப் பூவோ!" அப்பா சோற்றுக் கையோடு சிரித்தார். "மன்னாரிலை ஆமியைக் கண்டா நாங்கள் பூவே தேடினனாங்கள்? ஓடுறதுக்கு ஒழுங்கையெல்லோ தேடினனாங்கள். உன்ரை புத்தகக்காரன் புளுகிறான்."

"உங்கடை போர்த்துக்கல் அண்ணையைக் கேட்டுப் பாருங்கோவன்."

அடுத்தநாள் வேலையால் வந்தவர் சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னார்: "அந்தாள் அண்டைக்கு அங்கை நிண்டதாம். ஆமியிலை." பன்னிரண்டு வருடம் ஒரே தொட்டியில் தட்டுக் கழுவியும் அப்பாவுக்கு அது தெரிந்திருக்கவில்லை. "நான் கூட்டிக்கொண்டு வாறன். அந்தாளே வந்து சொல்லட்டும்."

கடதாசி மட்டையால் ஒரு துவக்குக் குழாய் செய்தேன். அதில் செருக, அம்மாவிடம் சிவப்புக் கார்னேஷன் வாங்கித் தரச் சொன்னேன். எங்கள் ஊர்த் தமிழ்ச் சனத்தின் கல்யாணமோ கோயில் திருநாளோ, மாலை அம்மாவின் கைதான். மல்லிகை கிடைக்காத நாட்டில் அவர் கார்னேஷனில்தான் கட்டுவார். விருந்தாளி வருகிறார் என்றும் நானே சொல்லிவைத்திருந்தேன். இதற்கு மேல் யோசித்திருக்க வேண்டியவன் நான்தான்.

வகுப்பில் பையைத் திறந்தேன். கைத்தடிப்பில் ஒரு மாலை. அடியில் சரிகைக் குஞ்சம். ஒரு பூவிலும் காம்பு இல்லை. மட்டைக் குழாயை ஒரு கையிலும் மாலையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. எட்டுப் பக்கமும் தலையிலிருந்து போய்விட்டன.

கடைசி வாங்கிலிருந்து அப்பா தமிழில் கத்தினார்: "டேய், என்ன முழிச்சுக்கொண்டு நிக்கிறாய்? மாலை விருந்தாளிக்கடா. போடு!"

போட்டேன். போர்த்துக்கீசர் அணிவகுப்பில் நிற்பதுபோல் விறைப்பாக எழுந்து நின்றார். பிறகு எனக்குச் சொல்ல வேறொன்றும் இருக்கவில்லை. ஆகவே உள்ளதைச் சொன்னேன்: "என் அப்பா இந்தக் கதையை நம்பவில்லை." ஏன் நம்பவில்லை என்பதையும் சொன்னேன். சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு கதை தானாக வந்தது. வீட்டுக்குள் இருக்கும்படி வானொலி சொல்ல, சனம் தெருவுக்கு வந்தது. அரசைக் கவிழ்க்கப் போன வண்டிகள் சிவப்பு விளக்குக்கு நின்றனவாம். அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. ஜெர்மன் பிள்ளைகள், சிவப்பென்றால் நிற்கத்தானே வேண்டும் என்பதுபோல் இருந்தார்கள்.

ஒருத்தி கேட்டாள்: "பூவை ஏன் துப்பாக்கியில் வைத்தீர்கள்?"

"இரண்டு கையிலும் துப்பாக்கி," என்றார் போர்த்துக்கீசர். "வேறு எங்கே வைப்பது?"

ஆசிரியை என்னைப் பார்த்தார். "அவர்கள் ஏன் மக்களைச் சுடவில்லை?"

இது என் எட்டுப் பக்கத்தில் இருக்கவில்லை. "ஆபிரிக்கப் போரில் களைத்தது சனம் மட்டுமில்லை, அவர்களும்தான்," என்றேன். "அடுத்த வருடம் இரண்டு பக்கமும் ஒரே வரிசையில் நின்று வோட்டுப் போட்டார்கள்."

பதினைந்துக்குப் பதினொன்று. வருடம் தப்பியது.

வெளியே வந்ததும் அப்பா, "நில்லுங்கோ" என்றுவிட்டுப் புகையிரத நிலையத்துப் பூக்கடைக்குள் போனார். நீளக் காம்புள்ள ஒற்றைச் சிவப்புக் கார்னேஷனோடு வந்து, இன்னும் மாலையோடு நின்ற அந்தப் பழைய ஆமிக்காரரிடம் நீட்டினார். மாலைக்கு மேலே அந்தப் பூவை எங்கே செருகுவது என்று இருவரும் கொஞ்சநேரம் தேடினார்கள்.

அம்மா வேலையால் வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "மாலை அளவாய் இருந்ததோ?"

"ஓமம்மா. செய்து வைச்ச அளவு."

மாலைக்கு இரண்டு கட்டுப் பூ எட்டு யூரோ. அப்பாவின் ஒற்றைப் பூ ஒரு யூரோ இருபது. ஆகமொத்தம் அந்தப் புரட்சிக்கு எங்கள் வீட்டுச் செலவு ஒன்பது யூரோ இருபது சென்ட்.