காசியம்மாள் செய்த டர்போ ராடு

கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் இருக்கிற டிராக்டர் உதிரிபாகக் கடைக்குப் போய், முதலாளி ஆதிமூலத்திடம் ஒரு போல்ட் கேட்டுப் பாருங்கள். "காசியம்மா வந்துட்டாங்களா பாரு" என்பதுதான் அவர் பதிலாக இருக்கும். கடை அவருடையது, பெயர்ப் பலகையில் இருப்பதும் அவர் பெயர்தான். ஆனால் எந்தச் சாமான் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் பதினான்கு வருடமாக அவருக்கு வரவில்லை.

காசியம்மாள் அந்தக் கடைக்குக் கூட்டிப் பெருக்க வந்தவள். அதற்கு முன்னால் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டுகிற கூட்டத்தில் இருந்தாள். கரும்பின் சோகை இலை அறுத்த கையில் வியர்வை இறங்கினால் எப்படி எரியும் என்பது வெட்டியவர்களுக்குத்தான் தெரியும். கடையில் கீழே சிந்திக் கிடந்த நட்டுகளைக் குப்பையோடு வாரிக் கொட்ட அவளுக்கு மனம் வரவில்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கி, எது எதோடு சேரும் என்று மாட்டிப் பார்த்து வைத்தாள். ஒரே வருடத்தில் துடைப்பம் வேறு கைக்குப் போனது, இவள் கல்லாப் பக்கம் வந்துவிட்டாள். இப்போது கட்டைவிரல் நகத்தைப் போல்ட்டின் மரையில் ஒரு இழு இழுத்தாலே போதும், ஆறா எட்டா, பொடி மரையா பெரு மரையா என்று சொல்லிவிடுவாள். நம்பாதவர்கள் அளவுகோல் வைத்துப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் பேசாமல் வாங்கிக்கொண்டு போவார்கள்.

ஆனால் அவள் எடுத்துக் கொடுக்கிறவள்தான். ஸ்பேனர் பிடித்து ஒரு வண்டியிலும் எதையும் மாட்டியதில்லை. மாட்டுவதெல்லாம் மெக்கானிக்குகளின் வேலை, அதில் அவர்களுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அவள் கணவன் ஜெயப்பிரகாஷும் கரும்பு வெட்டியவன்தான். நான்கு வருடத்துக்கு முன்னால் இருவரும் சீட்டுப் பணத்தைப் போட்டு ஒரு பழைய வெள்ளை டீசல் கார் வாங்கினார்கள். தினமும் காலையில் நான்கு ஆசிரியைகளைக் கள்ளக்குறிச்சியில் ஏற்றிக்கொண்டு, கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறி, வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் ஒன்பது இருபதுக்குள் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் அழைத்து வர வேண்டும். அந்த மாத வாடகை வந்த பிறகு ஜெயப்பிரகாஷ் அரிவாளைத் தொடவில்லை.

சோறு போடுகிற வண்டி என்றால் சும்மாவா? இந்த வருட ஆயுத பூஜைக்குக் காசியம்மாள் அதைக் குளிப்பாட்டி, சக்கரத்துக்கும் ஸ்டியரிங்குக்கும் பொட்டு வைத்தாள். அதோடு விட்டாளா என்றால் இல்லை. பானெட்டைத் திறந்து, கண்ணில் பட்ட மூட்டுக்கெல்லாம் சந்தனத்தைக் குழைத்து அப்பி, மேலே குங்குமமும் வைத்தாள். சாமான் பெயர் எல்லாம் தெரிந்தவள் அல்லவா, ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்று ஒரு பிடிவாதம்.

பூஜை முடிந்து நான்காவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, மலைப்பாதையில் பாதி ஏற்றத்தில் வண்டி இழுவையை விட்டது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், இன்ஜின் கோளாறைக் காட்டுகிற மஞ்சள் விளக்கு எரிந்தது. ஆசிரியைகள் பின்னால் வந்த ஜீப்பில் நெருக்கிக்கொண்டு ஏறிப் போனார்கள். ஜெயப்பிரகாஷ் வண்டியை மெதுவாக உருட்டி இறக்கி, ஆதிமூலம் கடைக்கு எதிரே இருக்கிற பகலவனின் ஷெட்டில் கொண்டுவந்து போட்டான்.

பகலவன் கெட்டிக்கார மெக்கானிக், வாய்தான் கொஞ்சம் நீளம். அரை மணி நேரத்தில் கோளாறைக் கண்டுபிடித்து, கையில் ஒரு ஒடிந்த கம்பியோடு கடைக்கு வந்தான். விரல் நீளக் கம்பி அது. இரண்டு முனையிலும், வண்டியில் நீட்டிக்கொண்டிருக்கிற இரும்புக் குண்டைக் கவ்விப் பிடிக்கிற சின்னக் கிண்ணம். இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தருகிற டர்போவின் கையை இழுப்பதும் தள்ளுவதும் அதன் வேலை. ஒரு கிண்ணம் கழுத்தோடு ஒடிந்திருந்தது. அதற்குள்ளே காசியம்மாள் வைத்த சந்தனம் சூட்டில் வெந்து செங்கல்லாக இறுகியிருந்தது. மூட்டு அசைய முடியாமல் போய், கழுத்து முறிந்துவிட்டது.

"பூசை போட்டே கொன்னுட்டீங்களே காசிக்கா!" என்றான் பகலவன். கடைக்கு வந்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். "கம்பெனில கேட்டுட்டேன். இந்த ராடு தனியா வராதாம். டர்போவோட சேத்துத்தான் மாத்தணுமாம். நாப்பத்தெட்டாயிரம்."

காசியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் சுண்டிப் போயிற்று. தான் வைத்த பொட்டு தன் குடும்பத்தின் வயிற்றிலேயே அடித்துவிட்டதே என்று மனசு வெந்தது.

அன்று சாயங்காலம் அந்த நான்கு ஆசிரியைகளில் ஒருவரான செந்தமிழ்ச்செல்வி டீச்சர் போன் செய்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். இந்த வாரம் எப்படியோ சமாளித்துக்கொள்கிறோம், திங்கட்கிழமை வண்டி வராவிட்டால் வேறு வண்டி பேசிவிடுவோம், பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் பதில் சொல்ல வேண்டும் இல்லையா என்றார். ஜெயப்பிரகாஷ் போனை வைத்துவிட்டு, கூரையில் செருகிக் கிடந்த அரிவாளையே பார்த்தான்.

"இன்னாங்க யோசிக்கிறீங்க?" என்றாள் காசியம்மாள்.

"யோசிக்க இன்னா கீது? வண்டிய வந்த வெலைக்குத் தள்ளிடலாம். கரும்பு மேஸ்திரி ஆள் கம்மியா கீதுன்னு கூப்ட்டுக்கினுதான் கீறாரு. வெட்டுக்குப் போறேன்."

"திங்கக்கெழம வரைக்கும் பொறுங்க. அதுக்குள்ள வண்டிய வித்தீங்கன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்."

கோபமாகச் சொன்னாளே தவிர, என்ன செய்யப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. மறுநாள் கடைக்குப் போனதும் ஒடிந்த துண்டு இரண்டையும் கல்லாவில் வைத்துக்கொண்டு, வியாபாரம் இல்லாத நேரமெல்லாம் பெட்டி பெட்டியாக இறக்கி, எதிர் ஷெட்டில் நின்ற வண்டியின் குண்டில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். டிராக்டர் ஆக்ஸிலேட்டர் ராடின் கிண்ணம் பெரிதாக இருந்தது, குண்டு உள்ளே ஆடியது. பைக் கியர் ராடினுடையது சின்னது, ஏறவே இல்லை. வியாழக்கிழமை மத்தியானம், சோற்றுக்குப் போகாமல் தேடிக்கொண்டிருந்தவளுக்குப் பவர் டில்லர் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. கைப்பிடித்து உழுகிற டில்லரின் ஆக்ஸிலேட்டர் கம்பியிலும் இதே மாதிரி இரும்புக் கிண்ணம் உண்டு. சேற்றிலும் வெயிலிலும் வருடக்கணக்கில் உழைக்கிற சாமான். எடுத்துப் போய்க் குண்டின் மேல் வைத்து அழுத்தினாள். 'டிக்' என்று உட்கார்ந்தது. ஆட்டமும் இல்லை, இறுக்கமும் இல்லை.

கிண்ணம் இரண்டு, மரை போட்ட கம்பி ஒரு துண்டு, அசையாமல் பிடிக்க லாக் நட் இரண்டு. எல்லாம் சேர்த்து இருநூற்று நாற்பது ரூபாய். ஆதிமூலம் காசு வேண்டாம் என்றார். அவள் கேட்கவில்லை, பில் போட்டுத்தான் எடுத்தாள்.

பகலவனிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவன் அதை வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தான்.

"டில்லர் சாமானக் கார்ல மாட்டச் சொல்றீங்களா? மரை கழண்டுச்சாக்கா உங்களுக்கு? மலையில புட்டுக்கிச்சுன்னா பழி எம்மேல வரும். நான் கை வெக்க மாட்டேன்."

"நீ வெக்காத தம்பி. பத்தாம் நம்பர் ஸ்பேனர மட்டும் குடு."

அவன் வேடிக்கை பார்க்கிற ஆசையில் கொடுத்துவிட்டான். ஒடிந்த துண்டு இரண்டையும் ஒட்ட வைத்து நீளத்தை அளந்து, அதே நீளத்துக்குப் புதுக் கம்பியை அவளே ரம்பத்தால் அறுத்தாள். சனிக்கிழமை மத்தியானம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்தவள், ஒரு மணி நேரம் கழித்து முழங்கையெல்லாம் கறுப்பாக நிமிர்ந்தாள். ஜெயப்பிரகாஷ் வண்டியைத் துருகம் வரைக்கும் ஓட்டிப் பார்த்தான். விளக்கு எரியவில்லை. "சமவெளில மாட்டு வண்டி கூடத்தான் ஓடும்" என்று பகலவன் தன் ஷெட்டுக்குள் யாரிடமோ சொன்னது மட்டும் வெளியே கேட்டது.

அதுவும் சரிதானே. மலை ஏறினால்தான் தெரியும், அதுவும் பாரத்தோடு ஏறினால்தான். ஞாயிற்றுக்கிழமை காலை நான்கு ஆசிரியைகளின் எடைக்கு மூட்டை ஏற்றலாம் என்று ஜெயப்பிரகாஷ் சொன்னான். மூட்டை எதற்கு, மனிதர்களே இருக்கும்போது? பக்கத்து வீட்டுக்காரர்கள் நான்கு பேர், மலை மேல் இருக்கிற பெரியார் அருவியில் குளிக்கலாம் என்று சொன்னதும் தலையில் பூவும் கையில் புளிசோற்றுத் தூக்குமாக ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களைப் பார்க்க ஆசிரியைகளைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி எடையாகவே இருந்தது. காசியம்மாள் முன் சீட்டில். கோமுகி அணை போனது, ஏற்றம் தொடங்கியது, அவள் எதையும் பார்க்கவில்லை. கண் அந்த விளக்கு எரிகிற இடத்திலேயே நின்றது.

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் விளக்கு எரிந்தது. வண்டி தளர்ந்தது.

ஜெயப்பிரகாஷ் ஓரம் கட்டினான். அவளைத் திட்டவில்லை. "உடு, உன்னால ஆனதப் பண்ணிட்ட" என்றான். அவன் திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். நாளைக்கு இவன் அரிவாளைத் தீட்டப் போகிறான் என்பது அந்த ஒரு வார்த்தையில் தெரிந்துவிட்டது.

இறங்கிப் பானெட்டைத் தூக்கினாள். கிண்ணம் கழலவில்லை, கம்பி வளையவில்லை. எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. அப்படியென்றால் பாரத்தில் மட்டும் ஏன்? மணிபர்சில் போட்டு வைத்திருந்த ஒடிந்த துண்டுகளை எடுத்து மறுபடி ஒட்ட வைத்துப் பார்த்தாள். வெயிலுக்கு நேராகப் பிடித்தபோதுதான் அது தெரிந்தது. முறிந்த இடத்தில் ஒரு சில்லு காணோம். ஒடியும்போதே எங்கோ தெறித்துப் போயிருக்கிறது. சில்லு போன துண்டைத்தான் அவள் அளந்திருக்கிறாள். புதுக் கம்பி ஒரு மில்லிமீட்டர் குட்டை. சமவெளியில் அது தெரியவில்லை. பாரத்தில் டர்போவின் கையை அளவுக்கு மேலே இழுத்து, காற்று ஜாஸ்தியாகி, விளக்கு எரிந்திருக்கிறது.

ஆறாம் நம்பர் மரை. ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு மில்லிமீட்டர். அதை யாரும் அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, பதினான்கு வருடமாக அவள் நகத்துக்குத் தெரிந்த கணக்கு.

"ஏங்க, பேட்டரி வயரக் கழட்டுங்க, லைட்டு அணையட்டும். சூடும் ஆறட்டும்" என்றாள். குரல் மாறியிருந்தது. ஜெயப்பிரகாஷ் மறு பேச்சுப் பேசாமல் கழற்றினான். சூடு ஆறுவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் பாறை மேல் உட்கார்ந்து புளிசோற்றைக் காலி செய்தார்கள். பிறகு அவள் கிண்ணத்தை நெம்பிக் கழற்றி, கையோடு கொண்டுவந்த ஸ்பேனரால் லாக் நட்டைத் தளர்த்தி, ஒரே ஒரு சுற்று வெளியே விட்டு, இறுக்கி, திரும்ப அழுத்தினாள். வண்டி கிளம்பியது. நான்காவது வளைவு, ஐந்தாவது வளைவு. பின் சீட்டில் யாரோ சத்தமாக ஏப்பம் விட்டார்கள். வெள்ளிமலைக் கடைத்தெரு வந்து சேர்கிற வரைக்கும் விளக்கு எரியவே இல்லை.

ஆனாலும் திங்கட்கிழமை காலை காசியம்மாளுக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. ஒருவர் வாஷர் கேட்டதற்கு பேரிங் எடுத்துக் கொடுத்தாள். பதினான்கு வருடத்தில் அது முதல் தடவை. பகலவன் ஏதோ ஆயில் சீல் வாங்க வந்தவன், வாங்கிய பிறகும் போகாமல் கல்லாவில் சாய்ந்துகொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். அவனுக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஒன்பது பதினைந்துக்குப் போன் அடித்தது.

"வந்துட்டோம்" என்றான் ஜெயப்பிரகாஷ். "டீச்சருங்க எறங்கிக்கினு இருக்காங்க."

"லைட்டு?"

"எரியலம்மே. புது வண்டி கணக்கா இழுக்குது."

காசியம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அப்போது போனுக்குள் தூரத்தில் செந்தமிழ்ச்செல்வி டீச்சரின் குரல் கேட்டது. "அண்ணா, எந்த மெக்கானிக்குகிட்ட குடுத்தீங்க? எங்க தம்பி காருக்கும் இதே மாதிரி டர்போவையே மாத்தணும்னு சொல்றாங்க."

அவள் சட்டென்று ஸ்பீக்கரைத் தட்டி, போனைப் பகலவன் காதுக்கு நேராகக் கல்லாவின் மேல் வைத்தாள். ஆதிமூலமும் பேப்பரை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தார்.

"மெக்கானிக்கு இல்ல டீச்சர்" என்றான் ஜெயப்பிரகாஷ். கடை முழுக்கக் கேட்டது. "எம் பொண்டாட்டி காசியம்மா. ராடு செஞ்சதும் அவதான், மாட்டுனதும் அவதான்."

பகலவன் தலையைச் சொறிந்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக் கல்லாவில் வைத்தான். அதற்குள்ளே வேறு ஏதோ காரின் ஒடிந்த ராடு இருந்தது.

"இதுக்கு எது சேரும்னு பாத்துச் சொல்லுக்கா" என்றான்.

காசியம்மாள் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, முதல் வேலையாக முறிந்த இடத்தைப் பார்த்தாள். "சில்லு எங்க?" என்று கேட்டாள். அவன் பொட்டலத்தை உதறிப் பார்த்தான், ஒன்றும் விழவில்லை. அவள் கல்லாப் பலகையைத் தூக்கிவிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"வண்டி எங்க நிக்குது? வா, நேர்ல பாத்தாத்தான் சரியா வரும்" என்று சொல்லி, அவனுக்கு முன்னால் சாலையைத் தாண்டி நடந்தாள்.