கேமராவில் ஒட்டிய பொட்டு

என் வீட்டுக்காரர் கமலக்கண்ணனைப் பற்றிச் சொல்வதென்றால் மோட்டாரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஆந்திர எல்லையில் எங்கள் பிச்சாட்டூர் பக்கத்தில் போர்வெல் மோட்டார் எரிந்துபோனால், அதைப் புத்தூர் மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டுச் சும்மா திரும்பி வருகிறவர் யாரும் கிடையாது. உள்ளே இருக்கும் நல்ல தாமிரக் கம்பியை உருவிக்கொண்டு மட்டமானதைச் சுற்றிவிடுவானோ என்று பயம். அதனால் கடையிலேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, சுற்றி முடிக்கிற வரைக்கும் கண்ணெடுக்காமல் பார்ப்பார்கள். எரிந்துபோன பழைய கம்பியையும் கோணியில் கட்டி வாங்கிக்கொண்டுதான் கிளம்புவார்கள். மற்றவர்கள் இதை மோட்டாரோடு நிறுத்திக்கொண்டார்கள். இந்த மனுஷன் ஆயுசு பூராவும் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால், அந்த மருந்துக்கடைக்காரர் டாக்டருக்கு என்ன உறவு என்று விசாரிப்பார். கல்யாணமான புதிதில் நான் ஆசையாக மீன் குழம்பு வைத்துப் போட்டேன். ஒரு வாய் துன்னுட்டு, "இன்னா இன்னிக்கி இவ்ளோ ருசியா கீது? எதனா கேக்கப் போறியா?" என்றார். அன்றைக்கு அழுதேன். இப்போதெல்லாம் அழுகை வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது.

எங்கள் மகள் பிரித்திகா திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிறாள். அவளிடம் ஒரு பழைய லேப்டாப் இருந்தது. அதை ஆன் செய்துவிட்டுப் போய்க் குளித்துத் தலை துவட்டிக்கொண்டு வரலாம், அப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். சென்னையில் ஒரு கம்பெனி ஆள் எடுக்க ஆன்லைனில் பரீட்சை வைத்தது. அந்தப் பரீட்சை எட்டு ஜிபி ராம் இல்லாத லேப்டாப்பில் திறக்கவே திறக்காதாம். ஒருவருக்கு ஒரே தடவைதான், தவறினால் அந்த வேலை இல்லை. அந்த வேலைக்காக என் பெண் கண் எரிய எரியப் படித்தது எனக்குத் தெரியும்.

"நைனா, எதனா பண்ணு. இத்த வச்சிக்கினு நான் பரீட்ச எழுத முடியாது" என்று போனில் அழுதாள். மகள் அழுதால் அவருக்குத் தாங்காது. சந்தேகப் பிராணிதான், ஆனால் பாசத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. மறுநாளே திருப்பதிக்குக் கிளம்பினோம்.

பிரித்திகாவையும் கூட்டிக்கொண்டு முதலில் ஏறியது ஏசி போட்ட பெரிய கடை. அங்கிருந்த பெண், பழசைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கச் சொன்னாள். இவர் அதற்குச் சந்தேகமே படவில்லை. விற்க உட்கார்ந்தவள் விற்கத்தானே பார்ப்பாள் என்றார். இரண்டாவது கடை ஒரு மாடியில், சின்னதாக இருந்தது. பிரபாகர் என்கிற தெலுங்குக்காரர், லேப்டாப்பைப் போட்டுப் பார்த்துவிட்டு, "கொத்ததி எந்துகண்டி? புதுசு வேணாம் சார். ராம் ஏத்திட்டு, ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி எஸ்.எஸ்.டி. போட்டா போதும். பாப்பா படிப்பு முடியிற வரைக்கும் நல்லா ஓடும்" என்றார்.

அவ்வளவுதான், இவர் முகம் மாறிவிட்டது. என்னை மாடிப்படிக்கு இழுத்து வந்து, "வியாபாரம் வேணாம்னு சொல்ற வியாபாரிய எங்கனா பாத்துக்கீறியா நளினி? நம்ம பழசுக்குள்ள எதையோ பாத்துட்டான் அவன்" என்றார்.

"ஆமாம், வைரம் கீது உள்ள! பொண்ணு நிக்கறா, சொம்மா வாங்க" என்றேன்.

கண்ணெதிரே கழற்ற வேண்டும், பழைய சாமான்கள் கைக்கு வர வேண்டும் என்று பேசி ஒத்துக்கொண்டார். பிரபாகர் நல்ல மனசோடு, "நேரம் ஆகும் சார். கோவிந்தராஜர் கோயிலுக்குப் போய்ட்டு வாங்களேன்" என்றார். "சாமி எங்கியும் ஓடிட மாட்டாரு" என்று சொல்லிவிட்டு, இவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு மெக்கானிக்கின் மூக்குக்கு நேரே உட்கார்ந்தார். ஒவ்வொரு திருகாணிக்கும் ஒரு கேள்வி. எனக்கு மானமே போயிற்று. பிரபாகர் கொஞ்சமும் முகம் சுளிக்காமல் வேலை செய்தார். முகம் சுளிக்காததும் இவருக்குப் பிடிக்கவில்லை.

வேலை முடிந்து ஆன் செய்ததும் லேப்டாப் சட்டென்று எழுந்துகொண்டது. பிரித்திகா கை தட்டினாள். பிரபாகர் கடைசியாக எதையோ தட்ட, மேலே குட்டியாக ஒரு விளக்கு எரிந்தது. திரையில் என் வீட்டுக்காரரின் மீசை தெரிந்தது.

"இத்த இன்னாத்துக்குத் தொட்ட?" என்றார் இவர்.

"கேமரா சார். பரீட்சைக்கு வேணும்ல, வேலை செய்யுதான்னு பாத்தேன்."

பழைய சாமான்களைக் கவரில் போட்டு வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் அந்தக் கவரை மடியில் வைத்து, உள்ளே இருப்பதை எண்ணிக்கொண்டே வந்தார். நாராயணவனம் தாண்டியதும் வாயைத் திறந்தார். "ராம் போட வந்தவனுக்குக் கேமரா கிட்ட இன்னா வேல?"

அதோடு விட்டாரா? ரிப்பேர் கடைக்காரர்கள் லேப்டாப்புக்குள் எதையோ ஏற்றிவிட்டு, பெண்பிள்ளைகளைக் கேமரா வழியாகப் பார்க்கிறார்கள் என்று எவனோ போட்ட வீடியோ ஒன்று அவர் போனுக்கு வந்து சேர்ந்தது. அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். சோறு துன்னும்போதுகூட அதுதான் ஓடியது.

ஹாஸ்டல் அறையில் நாலு பேர் இருப்பதால், பரீட்சை எழுதப் பிரித்திகா வீட்டுக்கு வந்தாள். காலையிலேயே குளித்து, சாமி கும்பிட்டுவிட்டு, உள்ளறையில் மேஜை போட்டாள். "அம்மா, முடியிற வரைக்கும் கேமரா ஓடிக்கினே இருக்கும். கம்பெனிக்காரங்க பாத்துக்கினு இருப்பாங்க. இன்னொரு முகம் தெரிஞ்சா பரீட்ச அதோட க்ளோஸ். யாரும் உள்ள வராதீங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் அதை அவரிடம் அப்படியே சொன்னேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகச் சொன்னேன்.

"பாக்கறது கம்பெனிக்காரன்தான்னு உனக்கு யார் சொன்னது? நீ போய்ப் பாத்தியா?" என்றார்.

"ஐயோ சாமி! கழனிக்காவது போய்த் தொலைங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

மிக்சியைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து பக்கத்து வீட்டு மஞ்சு டிவியைச் சத்தமாக வைத்தாள். குறைக்கச் சொல்லலாம் என்று எழுந்து போனேன். போனதும் வந்ததும்தான், அதற்குள் உள்ளறையிலிருந்து "நைனா!" என்று ஒரு அலறல்.

ஓடிவந்து பார்த்தால் கதவு திறந்து கிடக்கிறது. லேப்டாப்பின் நெற்றியில், நான் கண்ணாடியில் ஒட்டிவைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டு. அவர் நாற்காலிக்குப் பின்னால் குனிந்த வாக்கில் நிற்கிறார். திரையில் சிவப்பு எழுத்து. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் பிரித்திகாவின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"எழுதறது கையில தானே? கேமராவ மூடனா எழுதறதுக்கு இன்னா கெட்டுப் போவுது? அந்தப் பிரபாகர் உன்னப் பாத்துக்கினு இருந்தான் பாப்பா, விளக்கு எரிஞ்சிது" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். மகளைக் காப்பாற்றிவிட்ட திருப்தி அந்தக் குரலில் இன்னும் மிச்சம் இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்து அவர் தலையிலேயே போடலாம் போல இருந்தது.

"அவங்க பாக்கணும் நைனா. பாத்தாதான் பரீட்ச" என்றாள். அப்புறம் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. திண்டாடிப்போனார். என்னைப் பார்க்கிறார், மகளைப் பார்க்கிறார், பொட்டை உரித்து வேட்டியில் துடைக்கிறார். "எழுது பாப்பா. எங்க நைனாதான் ஒட்னாருன்னு எழுது. நடந்தத நடந்தபடி எழுது" என்றார். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்பெனிக்கு மெயில் எழுதினாள். மெக்கானிக் மேல் சந்தேகம், பொட்டு எல்லாவற்றையும் எழுதினாள்.

இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு பதில் வந்தது. பிரித்திகா தமிழில் சொன்னாள். அறையில் இன்னொருவர் வந்திருக்கிறார், வந்ததும் கேமரா மறைக்கப்பட்டிருக்கிறது. இந்த விளக்கம் நம்பும்படி இல்லை. விடை சொல்லிக் கொடுக்கவே அந்த ஆள் வந்ததாகக் கருதுகிறோம். பரீட்சை ரத்து.

அவர் எழுந்து நின்றுவிட்டார். "நான் விடைய சொல்லித் தந்தேனா? ஏழாவது தாண்டாதவன் நான்! சத்தியமா நடந்தத எழுதினா நம்ப மாட்டானுங்களா? மனுசன் பேச்சுக்கு இன்னா மரியாத? முன்ன பின்ன தெரியாதவன இப்டியா சந்தேகப்படுவானுங்க?" என்று வீடு அதிரக் கத்தினார். கத்தியவரின் கண்ணில் தண்ணீர் நின்றது.

பிரித்திகா லேப்டாப்பை மூடினாள். கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"நீயா இருந்தா நம்பிருப்பியா, நைனா?"