வேலுத்தாய்க்கு எழுதிய மருந்து

ஏழாயிரம்பண்ணையில் குலவை என்றால் வேலுத்தாய் மதினிதான். பங்குனிப் பொங்கலில் பானை பொங்கியதும் அவள் குலவையிட்டால் மேளக்காரரே கையை நிறுத்திக் கேட்பார். பக்கத்து வீட்டுக்காரி பொன்மணி சொல்கிறேன், பொறாமைப்பட்டும் குறை சொல்ல முடியாத குலவை.

2006இல் அந்தக் குரல் கெட்டது. முகம் உப்பி, நாக்குத் தடித்து, பேசினாலே கரகரத்தது. வேலைக்குப் போகும் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறியதும் தூங்கிவிடுவாள்.

"பங்குனிக்கு வேற ஆளைப் பாத்துக்கோங்கடீ" என்று ஒருநாள் அழுதாள். ஊரையே சிரிக்கவைக்கிறவள் அழுதால் எனக்குத் தாங்குமா? தீபாவளி முடிந்த கையோடு சாத்தூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா கோயம்புத்தூர்க்காரர். கழுத்தைத் தடவிப் பார்த்தார். ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"தைராய்டு கம்மியா சுரக்குதுங்க. பயப்படாதீங்க, குரல் திரும்பிடும். மருந்தைத் தினமும் வெறும் வயித்துல எடுக்கணும். ஒருநாள்கூட விடக்கூடாது" என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மதினி நல்லபிள்ளையாகத் தலையாட்டினாள். அன்றிலிருந்து காலையில் கஞ்சியும் கிடையாது, டீயும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி கேட்டில் நின்றுகொண்டு, உள்ளே விடச் சொல்லி வாட்ச்மேன் சங்கையாவோடு சண்டை. இவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டதோ என்று பயந்தே போனேன்.

மார்கழியில் மறுபடி போனோம். ஒரு மாற்றமும் இல்லை. டாக்டரம்மாவுக்கே குழப்பம்.

"மருந்தை வெறும் வயித்துலதானே எடுக்கறீங்க?"

"ஆமா தாயி. பச்சத்தண்ணி பல்லுல படாமத்தான் மருந்துக்குப் போறேன். கம்பெனி லீவு விட்டாத்தான் என்னமும் செய்ய முடியல."

"கம்பெனியா? அப்ப நான் எழுதின மாத்திரை?"

"அது மத்தியானச் சோத்துக்கப்புறம், டீயோட."

எனக்குப் பொறி தட்டியது. எங்கள் ஊரில் மருந்து என்றால் பட்டாசுக்குள் அடைக்கும் வெடிமருந்து. வாயில் போடுவது மாத்திரை. அட கூறுகெட்ட மதினி! மருந்தறை வேலைக்கல்லவா இத்தனை நாள் பட்டினியோடு போயிருக்கிறாள்! விளக்கிச் சொன்னதும் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சிரித்தார்.

"நீங்க மருந்துன்னுதானே சொன்னீக?" என்று மதினிக்குக் கோபம் வேறு.

"தப்பு என்னோடதுதாங்க. எந்திரிச்சதும் தண்ணியில மாத்திரை. அரைமணி நேரம் கழிச்சு டீ. நல்லாச் சாப்பிட்டுட்டு வேலைக்குப் போங்க" என்றார் அவர்.

மாசியில் முக வீக்கம் வடிந்தது. வேனில் தூங்கியவள் மற்றவர்களைத் தூங்கவிடாமல் வாயடித்தாள். ஆனால் குலவையை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை, பயம்.

பங்குனிப் பொங்கல். பானை பொங்கியது. எல்லாரும் மதினியைப் பார்த்தோம். அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். யம்மாடி, கோயில் மணியை மீறிக்கொண்டு போனது அந்தக் குலவை! எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"எந்த மருந்துல மதினி குரல் வந்துச்சு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஏட்டி, மாத்திரைன்னு சொல்லு! இன்னொரு தடவை என்னால பட்டினி கெடக்க முடியாது" என்றாள் மதினி.